டிஸ்மிஸ்

மழை விட்ட காலைகளில் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் பூட்ஸ் தடங்கள் தெரியும். மூன்று வரிசை, வரிசைக்குப் பத்து ஜோடி. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. நின்ற தடம் மட்டும்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தப் பகுதி முழுவதும் பட்டாளத்தின் பரேடு மைதானம். அங்கே முதலில் வீடு கட்டிக் குடிவந்தவர் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஞானசிகாமணி.

“எதுக்குங்க இப்படி நின்னுட்டே இருக்காங்க?” என்று கேட்டாள் அவர் மனைவி எஸ்தர்.

“யாரும் டிஸ்மிஸ் சொல்லல போல.”

“வேலைய விட்டுத் தூக்குறதா?”

“அதில்லம்மா. பரேடு முடிஞ்சதும் அதிகாரி அந்த வார்த்தைய சொல்லணும். சொன்னாத்தான் கலைஞ்சு போகலாம். அதுவரைக்கும் மழையோ வெயிலோ, நிக்கணும்.”

“நீங்க சொல்லிடுங்களேன். யாரு பெத்த புள்ளைங்களோ, வீட்டுக்குப் போகட்டும்.”

தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நாலு நாள் சமாளித்துப் பார்த்தார். எஸ்தர் விடவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, மனைக்கு எதிரே விறைப்பாக நின்று, “பரேடு, டிஸ்மிஸ்!” என்று அடித்தொண்டையில் கத்தினார். எதுவும் அசையவில்லை. வெட்கத்தோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று இரவு நல்ல மழை. காலையில் கதவைத் திறந்த எஸ்தர் அப்படியே நின்றுவிட்டாள். மனையில் ஒரு தடம்கூட இல்லை. வாசற்படிக்குக் கீழே முப்பது ஜோடி பூட்ஸ், சேறு காயாமல், வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

வீட்டுக்குள் திரும்பிப் பார்க்காமலே அவள் மெதுவாகக் கேட்டாள்:

“என்னங்க, உலையில எத்தன படி அரிசி போடட்டும்?”