எந்த ஜெயவேலு?

"ஒரே ஒரு வரி. 'அது நான் இல்லை.' இதை குரூப்ல போட உனக்கு என்னதான் வலிக்குது?"

வினிதா கத்தியே விட்டாள். அவள் அண்ணன் ஜெயவேலு தரையில் உட்கார்ந்து, ஓட்டக் காலணியின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். 'ஊக்கமருந்து: தாம்பரம் வீரர் ஜெயவேலுவுக்குத் தடை' என்று முந்தின நாள் ஒரு செய்தி. யாரோ ஒரு புண்ணியவான் தலைப்பை மட்டும் வெட்டி, நெட்டில் கிடைத்த அண்ணனின் படத்தை அதன் கீழே ஒட்டி அனுப்பிவிட்டார். ராத்திரிக்குள் சிட்லபாக்கத்தில் அதைப் பார்க்காத போன் இல்லை.

குடியிருப்போர் சங்கத்தின் பூங்காவில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பதுதான் அண்ணனின் பிழைப்பு. இன்று காலை பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பிள்ளைகளில் ஒன்றை அதன் அம்மா ஸ்கூட்டரில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"நெட்ல தட்டினா எத்தனை ஜெயவேலு வர்றாங்க தெரியுமா? கோல்கீப்பர் ஒருத்தர், கபடி ஒருத்தர், செஸ் ஒருத்தர். அத்தனை பேரையும் விட்டுட்டு உன் மூஞ்சிதான் கெடைச்சுதா?"

"நான்தான் பாக்கறதுக்கு நல்லா இருந்தேனோ என்னவோ."

"சிரிக்காதண்ணா, பத்திக்கிட்டு வருது! முழுச் செய்தியில பளுதூக்கும் வீரர்னு தெளிவாப் போட்டிருக்கு. நீ காஸ் சிலிண்டரையே உருட்டிக்கிட்டுதான் வருவ. அதைச் சொன்னாலே போதுமே!"

"விடு வினி."

"போன வருஷம் கபடி ஜெயவேலு கப் வாங்கினப்பவும் உனக்குத்தான் சால்வை போட்டாங்க. அப்பவும் வாயைத் திறக்கல."

"திறந்தேனே. 'பரவால்ல தம்பி, வாங்கிட்டு வந்துட்டோம், போட்டுக்கோங்க'ன்னாங்க."

போன் அடித்தது. சங்கத்தின் செயலாளர் சாம்பசிவன். வினிதாவே ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. பேரன்ட்ஸ் எல்லாம் பயப்படறாங்க. சாயந்திரம் கமிட்டி கூடுது. அதுக்குள்ள நீங்க ஒரு விளக்கம் கொடுத்தா நல்லது. இல்லேன்னா திங்கள்லேர்ந்து பார்க்ல கிளாஸ் வேண்டாம்."

"சரி சார்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான்.

வினிதாவுக்கு அழுகையே வந்தது. "சரி சாரா? அவரே வழி காட்டறாரு, நீ சரி சார்ங்கற! உனக்கு ரோஷமே கிடையாதா? நீ போட வேணாம், நானே போடறேன்."

முழுச் செய்தியை எடுத்தாள். 'இவர் வேறு ஜெயவேலு. என் அண்ணன் ஓட்டப் பந்தய வீரர். தவறான படத்தைப் பரப்பியவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று தட்டினாள். ஒன்றுக்கு இரண்டு முறை படித்துத் திருத்தினாள்.

"போடாத வினி."

"ஏன்?"

"அந்தப் பையன் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும்."

"தெரியட்டுமே! மருந்து சாப்பிட்டவன் அவன், அசிங்கப்படறது நீயா? நீ என்ன அவனுக்கு வக்கீலா?"

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"தம்பி வூட்ல கீறானா?"

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா. பஸ்ஸில் வந்த வியர்வை இன்னும் காயவில்லை. கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. அண்ணன் பதறி எழுந்தான்.

"எல்லம்மாம்மா... வாங்க. இவ்ளோ தூரம் எதுக்கு?"

"எதுக்கா? மாடம்பாக்கத்துல எங்க தெருப் பொண்ணு உன் போட்டோவைக் காட்டி, இந்தப் புள்ள மருந்து துன்னு மாட்டிகினான்னு சொல்லுது. எனக்கு எங்க படிக்க வருது? மூஞ்சியைப் பாத்ததும் அடுப்பை அணைச்சுட்டு ஓடியாந்துட்டேன்." சட்டென்று அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். "இன்னாத்துக்குடா அந்தக் கருமத்த துன்ன? உடம்புல தெம்பு இல்லியா உனக்கு?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதாம்மா."

வினிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணா! ஏங்கம்மா, அது..."

"இரு கண்ணு, நான் பேசிட்றேன்." எல்லம்மா தூக்கை அவன் கையில் திணித்தாள். "நெத்திலிக் கொழம்பு. சோறு துன்னாம கெடப்பன்னு தெரியும். தப்பு பண்ணாத புள்ள எங்க கீது? ஊரு நாலு நாளு பேசும், அப்பாலிக்கா மறந்துடும். உங்கம்மாகிட்டயும் தலை குனிய வேணாம்னு சொல்லு."

"சரிம்மா."

"எம் புள்ளைக்கும் உம் பேருதானே, ரெண்டு பேரும் ஒரே கிரவுண்டுல பழகினவங்க வேற, அதான் எனக்கு மனசு கேக்கல. அவனும் இப்பிடித்தான், வெயிட்டு தூக்கறேன் வெயிட்டு தூக்கறேன்னு உசுரை விடுவான்."

வினிதா போனிலிருந்து நிமிர்ந்தாள்.

"கேம்ப்லேர்ந்து நாளைக்கு வர்றானாம்," எல்லம்மாவின் முகம் மலர்ந்தது. "நேர்லதான் ஒண்ணு சொல்லணுமாம், போன்ல முடியாதாம். எவளையோ பாத்துட்டான்போல கீது!"

அண்ணன் நிமிரவேயில்லை.

எல்லம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வினிதாவின் பக்கம் திரும்பினாள்.

"இன்னாமோ சொல்ல வந்தியே கண்ணு, இன்னாது?"

வினிதா தட்டி வைத்திருந்ததை எழுத்து எழுத்தாக அழித்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. உக்காருங்க, டீ போடறேன்."