ஒட்டுறவு

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை காபி குடித்த டம்ளரைக் குழாயடியில் போட்டுத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஜோதிலட்சுமி. அப்படியும் மனசு ஆறவில்லை. கடைசியில் அதைத் தூக்கிப் பழைய சாமான் மூட்டையில் கடாசிவிட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.

இத்தனைக்கும் மாப்பிள்ளை வீட்டார் நெருங்கின சொந்தம். அமெரிக்காவில் வேலை, பையனும் கண்ணுக்கு லட்சணம். வாசலில் நின்ற காரைப் பார்த்து அஸ்தினாபுரத்துத் தெருவே வாயைப் பிளந்தது. எல்லாம் சரிதான், அவன் பார்க்கிற வேலைதான் அவளுக்குக் குமட்டியது.

பன்றிக் கருவுக்குள் மனித ஜீனைச் செருகுகிறானாம். சாதாரணப் பன்றியின் கிட்னியை மனுஷ உடம்பு சேர்க்காதாம், தள்ளிவிடுமாம். இப்படிக் கலந்து பிறந்த பன்றியுடையது என்றால் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம். கேசரியை வாயில் அடக்கிக்கொண்டே இதையெல்லாம் சொன்னான் மகராசன்.

அதோடு விட்டானா? லேப்டாப்பைத் திறந்து, ரோஸ் நிறத்தில் நெளிகிற குட்டிகளைக் காட்டினான். இதுகளுக்குள் போட்ட ஜீன் வேறு யாருடையதும் இல்லை, தன் ரத்தத்திலிருந்து எடுத்ததுதான் என்று பெருமையாகச் சொல்லிச் சிரித்தான். அதில் ஒரு குட்டி படத்துக்குள்ளிருந்து ஜோதிலட்சுமியையே பார்த்தது. அவள் கேசரித் தட்டை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், கணவரிடம் சண்டைக்கு நின்றாள். அரிகிருஷ்ணன் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் மேனேஜர். மனசுக்குள் அவர் ஏற்கெனவே அமெரிக்காவுக்கு விமானம் ஏறியிருந்தார். சாயங்காலத்துக்குள் போனில் சம்மதம் சொல்வதாக வாக்கும் கொடுத்துவிட்டிருந்தார்.

"அந்தக் குட்டிங்க உடம்புல அவன் ரத்தம் ஓடுதுன்னா, அதுங்க நம்ம பொண்ணுக்கு என்ன முறை வேணும்? முதல்ல அதைச் சொல்லுங்க," என்றாள்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் விடவில்லை. மனுஷனையும் கலந்து ஒன்றைப் பிறக்கவைத்து, தீனி போட்டு வளர்த்து, அறுத்து, கிட்னியை உருவிக்கொண்டு மிச்சத்தைக் குழியில் தள்ளினால் அதற்குப் பேர் கசாப்பா, கொலையா என்று கேட்டாள். அதற்கு வலித்தால் அது யாரைக் கூப்பிட்டு அழும் என்று கேட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் ஜெயஸ்ரீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாழப்போகிறவள் அவள்தானே, ஒரு வார்த்தை தன் பக்கம் பேசுவாள் என்று அம்மாக்காரி எதிர்பார்த்தாள். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்ப கலக்கறது தப்பே இல்லைங்கறீங்களாப்பா?"

"இதுல என்னம்மா தப்பு? பன்னியோட கிட்னியே ஒட்டிக்குதுங்கறான். அருவருப்புங்கறதெல்லாம் சும்மா பழக்கதோஷம்மா. நீயாவது படிச்ச பொண்ணு, உங்கம்மாவுக்கு எடுத்துச் சொல்லு."

அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தோலை உரித்துப் பார்த்தால் பன்றிக்கும் மனுஷனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்றார். ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தருக்கு முதன்முதலாக ஏற்றியபோதும் ஊர் இப்படித்தான் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கும் என்றார். கூட்டம் கூடியிருக்கிற நினைப்பில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

ஜெயஸ்ரீ ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். எங்கேயோ பிறந்ததும் எங்கேயோ பிறந்ததும் சேர்ந்தால் பரவாயில்லையா, பிறக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராதா, நாலு பேர் காறித் துப்பினால் என்ன செய்வது என்றெல்லாம். நாலு பேர் கிடக்கிறார்கள் விடு என்றார் அரிகிருஷ்ணன்.

ஜோதிலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற பெண்ணே பன்றிக்காரனுக்குத் தலையாட்டினால் அப்புறம் யாரைச் சொல்லி என்ன. குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சுகிற அந்தக் கைதான் இனி இவளையும் தொடும் என்று நினைக்கும்போதே உடம்பு கூசியது. அரிகிருஷ்ணன் சம்மதம் சொல்லப் போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்ப்பா," என்றாள் ஜெயஸ்ரீ. "எனக்கு இந்த மாப்பிள்ளை வேணாம். எங்க ஆபீஸ்ல லோகுன்னு ஒருத்தர் இருக்கார். கோவளத்துப் பக்கம் குப்பத்துலதான் வீடு. அவங்கப்பா கடலுக்குப் போறார், அம்மா மீன் விக்கறாங்க. நான் அவரைத்தான் கட்டிக்கப் போறேன்."

ஜோதிலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அது ஒரு கணம்தான், அடுத்த மூச்சில் அப்பாடா என்றிருந்தது. மீனோ கருவாடோ, மனுஷப் பிள்ளைதானே. இதை இப்படியே சொல்லிவிடலாம் என்று கணவர் பக்கம் திரும்பினாள்.

அரிகிருஷ்ணனின் முகம் கோணிக்கொண்டு போயிருந்தது. செத்த எலியை மிதித்தவர் மாதிரி காலைச் சுருக்கி, நாற்காலியை மகளிடமிருந்து பின்னுக்கு நகர்த்தினார். போனை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"அவங்க ரத்தம் நமக்கு ஒட்டாதும்மா."