முதல் வரியில் நின்ற நத்தை

தையல்சிட்டு ஏழாம் வகுப்புக்கு ஓர் அறிவியல் புத்தகம் எழுதி, இலைகளை அடுக்கித் தைத்தும் முடித்துவிட்டது. வகுப்பில் மிக வேகமாகப் படிக்கும் அணிலும் மிக மெதுவாகப் படிக்கும் நத்தையும் சாயங்காலத்துக்குள் அதைப் படித்து முடித்தால்தான் பள்ளியில் பாடமாக வைப்பேன் என்று தலைமையாசிரியர் கொக்கு சொல்லியிருந்தார்.

அணில் ஒரே மூச்சில் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. நத்தையோ முதல் பாடத்தின் முதல் வரியிலேயே நின்றது. தையல்சிட்டு அதன் பக்கத்தில் தாவி வந்தது.

“எழுத்து புரியலையா, தம்பி?”

“புரியுது அக்கா. ‘ஈரம் எப்படி உலர்கிறது என்பதை நாம் முன்பே அறிவோம்’னு போட்டிருக்கீங்க. அந்த ‘நாம்’ல நானும் உண்டா?”

அணில் விழுந்து விழுந்து சிரித்தது. “டேய், இதுகூடவா தெரியாது? வெயில் அடிச்சா உலரும்!”

“நேத்து வெயிலே இல்லையே. நான் ஊர்ந்து போன ஈரத் தடம் எப்படிக் காஞ்சுது?”

அணிலின் வாலாட்டம் நின்றது. இரண்டும் தையல்சிட்டைப் பார்த்தன. பழைய புத்தகம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்த வரி அது. தையல்சிட்டு அந்த வரியை அடித்துவிட்டு, நிழலில் இரண்டு இலைகளை நனைத்து வைத்தது. மூன்றும் சுற்றி உட்கார்ந்தன. காயக் காய மறுபடியும் நனைத்தன.

சாயங்காலம் கொக்கு பறந்து வந்து பக்கத்தில் இறங்கினார். “படிச்சு முடிச்சாச்சா?”

“உஷ்! தள்ளி நில்லுங்க சார்,” என்றது அணில், கண்ணை எடுக்காமல். “உங்க இறக்கைக் காத்து பட்ட இலை மட்டும் சட்டுனு காயுது!”

“அப்படியா?” கொக்கு புத்தகத்தை மறந்து குனிந்தார். “இன்னொரு தடவை வீசிப் பார்க்கட்டுமா?”