தேதி மேல தப்பு இல்ல

சரி, தேர்தலை எந்தத் தேதியில் வைக்கலாம், நீங்களே சொல்லுங்கள் என்று நீதிபதி கேட்டதும் பஸ் டிரைவரின் கை சட்டைப் பைக்குப் போனது.

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

நான் தேர்தல் ஆணையத்தின் வழக்கறிஞர். அவர் எங்களை எதிர்த்து மனுப் போட்டவர். வக்கீல் யாரையும் வைத்துக்கொள்ளாமல், சீருடைக்கு இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு, தானே வாதாட வந்திருந்தார்.

அவருடைய குறை எளிமையானது.

வாக்குப்பதிவு நாள், பள்ளி விடுமுறை முடிகிற திங்கட்கிழமையில் விழுந்திருந்தது. ஊருக்குப் போன ஜனம் மொத்தமும் திரும்பி வருகிற நாள். அன்றைக்கு டிப்போவில் ஒரு வண்டிகூட நிற்காது. டிரைவர்களும் கண்டக்டர்களுமாக நானூறு பேர், தங்கள் வாக்குச்சாவடியிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி எங்காவது ஓடிக்கொண்டிருப்பார்கள்.

போன தேர்தலிலும் இதே கதை. அதற்கு முந்தையதிலும் இதே கதை. ஓட்டுப் போடப் போகிறவர்களை ஏற்றி இறக்கியே முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டது, என் விரலில் மட்டும் ஒரு தடவைகூட மை பட்டதில்லை என்று அவர் சொன்னபோது பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

என்னுடைய வாதம் ஒரே வரிதான். தேதி குறிப்பது ஆணையத்தின் உரிமை. அறிவிப்பு வந்த பிறகு நீதிமன்றம் அதில் கைவைக்க முடியாது. அதற்குத் தோதாக மூன்று பழைய தீர்ப்புகளில் மஞ்சள் காகிதம் சொருகி வைத்திருந்தேன்.

போதாததற்கு, அவர் எந்தத் தேதியைச் சொன்னாலும் மடக்க என்னிடம் பதில் இருந்தது. முந்தைய வாரம் என்றால் வாக்குச்சாவடி வேலைக்கு ஆசிரியர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். அடுத்த வாரம் என்றால் காவலுக்கு ஆள் இல்லை.

சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

டிரைவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த டூட்டி சார்ட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. கடைசிப் பெயர்வரை போய், மறுபடி மேலே வந்தது.

நீதிபதி அவசரப்படுத்தவில்லை. எழுத்தர் பேனாவை மூடி வைத்தார்.

"எந்தத் தேதி வெச்சாலும் நூறு பேராவது ரோட்லதான் இருப்போம்மா," என்றார் டிரைவர். "தேதி மேல தப்பு இல்ல."

என் வேலையை அவரே முடித்துக் கொடுத்துவிட்டார். எழுந்து நின்று, ஆகவே மனுவைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று சொல்வதுதான் பாக்கி.

எழுந்தும் விட்டேன்.

அதற்குள் நீதிபதி என் பக்கம் திரும்பினார். தேதியைத் தொட வேண்டாம், அது உங்களுடையதாகவே இருக்கட்டும் என்றார். ஆனால் மூன்று நாள் முன்னதாக டிப்போவிலேயே ஒரு வாக்குப்பெட்டியை வைத்து, வண்டி எடுக்கும்போதோ வண்டியை விடும்போதோ இவர்கள் ஓட்டுப் போட்டுவிட்டுப் போகக் கூடாது என்று உங்கள் விதிகளில் எங்காவது இருக்கிறதா?

விதிப் புத்தகம் என் கையில்தான் இருந்தது. பக்கங்களைப் புரட்டினேன். புரட்டுகிறபோதே தெரிந்துவிட்டது, இல்லை என்று.

சுற்றி வளைத்து எதையாவது சொல்லியிருக்கலாம். பத்து நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். பத்து நாளில் காலம் கடந்து, வழக்கு தானாகவே செத்துப்போயிருக்கும்.

எதிரே அந்த மனிதர் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொண்டு, சார்ட்டைப் பழைய மடிப்புகளிலேயே பார்த்துப் பார்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

தடை எதுவும் இல்லை என்றேன்.

ஐந்து நிமிடத்தில் உத்தரவு வந்தது. தேதி மாறாது. டிப்போக்களில் மூன்று நாள் முன்னதாகவே பெட்டி வைக்கப்படும். தேதி மாறாததால் நான் ஜெயித்தேன். பெட்டி வந்ததால் அவர் ஜெயித்தார். ஒரே வழக்கில் இரண்டு பேரும் ஜெயித்து என் அனுபவத்தில் பார்த்ததில்லை.

மாடிப்படியில் அவரைப் பிடித்தேன். சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அந்த மூன்று நாளில் எந்த நாள் ஓட்டுப் போடப் போகிறீர்கள், முதல் ஆளாகவா என்று கேட்டேன்.

தன் ஓட்டு அங்கே இல்லை என்றார். இந்த மாதக் கடைசியோடு அவருக்குப் பணி ஓய்வு. தேர்தல் அடுத்த மாதம். அந்தத் திங்கட்கிழமை காலையில் சாவகாசமாகக் குளித்து, மனைவியோடு தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய் ஓட்டுப் போடுவார். வழக்கே போடாவிட்டாலும் போடுவார்.

மனுவை நானூறு பேரும் படித்தார்களாம். நல்லா இருக்கு என்றார்களாம். கையெழுத்து என்றதும் ஆளாளுக்கு ஷிப்ட் ஞாபகம் வந்துவிட்டதாம். சர்வீஸில் இருக்கிறவர்களுக்கு மெமோ பயம். வீட்டுக்குப் போகிறவனுக்கு யார் மெமோ கொடுக்கப்போகிறார்கள் என்று இவர் பேனாவை வாங்கிக்கொண்டாராம்.

மனுவின் முதல் வரியிலேயே அவர் வயது இருந்தது. அதை நான் மூன்று தடவை படித்திருந்தேன். பாதிக்கப்படாதவர் வழக்குப் போட முடியாது; உங்களுக்கு இதில் என்ன பாதிப்பு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் வழக்கு காலையிலேயே முடிந்திருக்கும்.

"நீங்க அதைக் கேட்டுடுவீங்களோன்னுதான் ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்லம்மா," என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தவளைப் போல லேசாகத் தலையை ஆட்டிவைத்தேன்.