தள்ளுவண்டி

“வந்துட்டார் பாரு, நம்ம தள்ளுவண்டிக்காரர்!”

பால்கனியில் காபி டம்ளரோடு நின்ற இன்ஷூரன்ஸ்காரர் மனைவியிடம் கிசுகிசுத்தார். விடிகாலை மணி ஐந்தே முக்கால்.

கீழ் வீட்டு பேக்கரிக்காரர் தன் பழைய காரின் கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளினார். கார் ஆடி அசைந்து கேட்டைத் தாண்டி, தெருமுனை திரும்பி மறைந்தது.

சில மாதங்களாகத் தினமும் இதே கூத்துதான். மத்தியானம் திரும்பி வரும்போதும் முனையிலிருந்து தள்ளிக்கொண்டுதான் வருவாராம்.

“பேட்டரி செத்துப்போச்சு. புதுசு வாங்க மனசு வரலை. மகா கஞ்சன்!”

“இங்கேர்ந்து பார்த்தே சொல்லிடுவீங்களாக்கும்?” என்றாள் மனைவி. மூன்று மாதக் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

“பதினெட்டு வருஷமா அடிபட்ட வண்டிங்களைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்? நிக்கிற நிலையைப் பார்த்தே என்ன வியாதின்னு சொல்லிடுவேன்.”

பெருமை பேசியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் அவருக்குப் புது கார் வருகிறது. கட்டடத்துக்குள் கார் நிறுத்த இருப்பதோ ஒரே ஓர் இடம். அன்றைக்கே வீட்டு உரிமையாளருக்கு போன் போட்டு, அந்த ஓட்டை வண்டியால் எல்லாருக்கும் தொந்தரவு என்று பற்றவைத்தார். தன் பெயர் வெளியே வரக்கூடாது என்பதையும் மறக்காமல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே எட்டிப் பார்த்தால், காரின் பின்பக்கம் ஜாக்கியில் ஏறி நிற்கிறது. அடியில் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

பேட்டரி முன்பக்கம் இருக்க, இந்த மனுஷனுக்குப் பின்பக்கம் என்ன வேலை? இன்ஷூரன்ஸ்காரருக்கு மண்டை குடைந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

“என்ன சார் பண்றீங்க?”

“சைலன்சர் மாத்தறேன் சார்,” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு. இந்த மாடலுக்கு எங்கேயும் கிடைக்கலை. பழைய சாமான் கடையில சொல்லிவச்சு, நேத்துதான் வந்துச்சு. அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா?”

பிடித்தார். பக்கத்தில் போய்ப் பார்க்க அவருக்கும் ஆசைதானே.

“இப்ப என்ன சார் இதுக்கு அவசரம்?”

“வண்டியைப் பத்தி யாரோ புகார் குடுத்திருக்காங்களாம். இன்னைக்குள்ள சரி பண்ணணும், இல்லேன்னா வெளியே எடுக்கணும்னுட்டார் ஓனர். வெளியே நிறுத்த எனக்கு எங்கே சார் இடம் இருக்கு? வித்துட வேண்டியதுதான். அப்புறம் எட்டுக் கடைக்கு எதுல ரொட்டி கொண்டுபோறது?”

இன்ஷூரன்ஸ்காரர் டார்ச்சை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“யாருன்னு சொன்னாரா?”

“கேக்கலை சார். யாரா இருந்தா என்ன, நியாயமாத்தான் சொல்லியிருப்பாங்க.”

ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்ததால் போல்ட்டுகள் கழன்றுவிட்டன. பழைய குழாய்தான் இடுக்கை விட்டு அசைய மாட்டேன் என்றது.

“சுத்தியலை எடுத்து நாலு போடு போடுங்க சார், தானா வந்துடும்!”

பேக்கரிக்காரர் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, ஒரு தடவை மாடி வீட்டைப் பார்த்தார்.

“வேணாம் சார். மெதுவாவே எடுத்துடலாம்.”

இப்படியும் அப்படியுமாக முறுக்கி முறுக்கியே இருபது நிமிடத்தைத் தின்றார். சுத்தியலைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத ஆளா என்று இன்ஷூரன்ஸ்காரர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். ஒருவழியாகக் குழாய் கழன்று வந்தது. குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்களில் சோப்புத் தண்ணீரைத் தடவி, புது சைலன்சரை மாட்டி, கிளாம்ப்பை இறுக்கி, ஜாக்கியை இறக்கியபோது இருவருடைய சட்டையும் ஒரே நிறமாகியிருந்தது.

‘இத்தனை பாடுபட்டு என்ன பிரயோஜனம்? வண்டி ஸ்டார்ட் ஆனால்தானே!’

இன்ஷூரன்ஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தயாரானார்.

பேக்கரிக்காரர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பு. தையல் மெஷின் மாதிரி சீராக ஓட ஆரம்பித்தது இன்ஜின்.

இன்ஷூரன்ஸ்காரர் கட்டின கையை அவிழ்த்தார். பதினெட்டு வருஷ அனுபவம் ஒரு சாவித் திருப்பில் கவிழ்ந்துவிட்டது.

“சார், உங்க பேட்டரி...”

“அதுக்கென்ன? புதுசு சார். போட்டு ஒரு வருஷம்கூட ஆகலை.”

“அப்புறம் எதுக்கு தினமும் தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போனீங்க?”

பேக்கரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, கரிக்கையைத் துணியில் துடைத்தபடி கூச்சத்தோடு சிரித்தார்.

“ராத்திரி பூரா பாப்பா அழற சத்தம் கேக்கும் சார். அஞ்சரை மணிக்குத்தானே உங்க வீட்டுல விளக்கு அணையுது? பாவம், அப்பத்தான் அது கண்ணசரும். ஓட்டை சைலன்சரை வச்சுக்கிட்டு அந்த நேரத்துல எப்படி சார் ஸ்டார்ட் பண்றது?”