அங்கம்மாவின் முன்பல்

"வெத்தில போட்டீங்களா, இல்லையா? உண்மையச் சொல்லுங்க!"

இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள் கைரியா. பல் பார்க்கும் கதிரையில் சாய்ந்திருந்த அங்கம்மா, சேலைத் தலைப்பால் வாயை மூடியபடியே தலையை ஆட்டினாள்.

"மாரியாத்தா மேல சத்தியம், டொக்டரம்மா. நீங்க வேணாம்னு சொன்னதுலருந்து தொடவே இல்ல. கொழுந்து எடுக்கிறப்ப கை தானா மடிக்குப் போவுது. பக்கத்து நெரையில பாலம்மா வேணும்னே என் மூஞ்சிக்கு நேரா மெல்லுறா!"

கைரியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நிலையிலா அவள் இருந்தாள்? பேராதனையில் பல் வைத்தியம் படிக்கும் அவளுக்கு இன்று செய்முறைப் பரீட்சை. பரீட்சகர் கண்ணெதிரே ஒரு முன்பல் ஓட்டையை அடைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பல்லையும் பல்லுக்குச் சொந்தக்காரரையும் மாணவர்தான் தேடிப் பிடித்து வர வேண்டும். ஓட்டை கிடைக்காதவருக்குப் பரீட்சையே கிடையாது.

ஊரெல்லாம் வாய் இருக்கிறது. வேண்டிய இடத்தில் ஓட்டை உள்ள வாய்தான் குதிரைக்கொம்பு. தெல்தெனியவில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனபோதுகூட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பல்லைப் பார்த்துத் திட்டு வாங்கியவள் அவள். கடைசியில்தான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து அங்கம்மா அகப்பட்டாள். போன மாதம் கைரியா தவறியதும் இதே வாயில்தான். இன்றைக்கு இரண்டாவது வாய்ப்பு.

"அன்னைக்கும் நல்லாத்தான ஒட்டுனீங்க?" என்றாள் அங்கம்மா, தலைப்புக்குள்ளிருந்தே. "பெரிய டொக்டர் வந்தாரு, கண்ணாடிய வச்சுப் பாத்தாரு, கம்பியால லேசா ஒரு தட்டு. பொட்டுன்னு நாக்குல விழுந்திருச்சு. அது ஏன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல."

"பல்லுல மருந்து பூசி, கழுவி, காய வச்சு, அதுக்குப் பொறகுதான் பசை. அந்த நேரம் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் போச்சு. சுண்ணாம்பும் பாக்கும் போட்டுப் போட்டு உங்க ஈறு வீங்கிப் போய் ஈந்திச்சு. நான் பசை பூசுற நேரம் ரத்தம் கசிஞ்சிருக்கு. எனக்கே தெரியல்ல."

"சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுறவன்கூடக் காய வச்சுத்தான் ஒட்டுறான்."

"டியூப்ப வெளிய எடுத்து வெயில்ல வைக்கலாம். உங்க வாய வெளிய எடுக்க ஏலுமா? உள்ளுக்கு எச்சில், மூச்சுக்காத்துல ஈரம். அதுக்காகக் கருவாடு மாதிரிக் காய வச்சாலும் சரியா ஒட்டாது. லேசா ஒரு மினுமினுப்பு ஈக்கணும்."

அங்கம்மா கண்ணை அகல விரித்தாள். "அடியாத்தி! நனைஞ்சாலும் குத்தம், காஞ்சாலும் குத்தமா? எங்க மாமியாவே தேவல போலருக்கே!"

"சரி, இப்ப ஈறு எப்படி ஈக்குது? ஒருக்காக் காட்டுங்க."

அங்கம்மா தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "பெரிய டொக்டர் வரட்டும்."

"அவர் வாரதுக்கு முந்தி நான் பார்க்கணும்."

"பாப்பீங்க, பாப்பீங்க. அவசரப்படாதீங்க."

கைரியா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். வெற்றிலைதான், சந்தேகமே இல்லை. குனிந்து மோந்து பார்த்தாள். வெற்றிலை வாசமே இல்லை, பற்பசை வாசம்தான் வந்தது. அப்படியானால் வேறு என்ன? எதை மறைக்கிறாள்?

"பல்லு வலிக்குதா?"

"இல்ல."

"ரத்தம் வருதா?"

"ஒரு பொட்டு இல்ல."

"அப்ப ஏன் வாயத் தெறக்க மாட்டேங்கிறீங்க?" கைரியாவின் குரல் உடைந்தது. "இந்த முறையும் தவறினா இன்னும் ஒரு வருஷம், அங்கம்மா. என்னோட படிச்சவங்க எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க. எங்க வாப்பா இப்பவே ஊரெல்லாம் மகள் டொக்டர்னு சொல்லி வச்சிட்டார்."

அங்கம்மா எட்டி அவள் கையைப் பிடித்தாள். அவளுடைய கண்ணும் கலங்கிவிட்டது.

"தெரியும் கண்ணு. அன்னைக்கு வெளிய நின்னு நீங்க அழுததப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல. என் பாழாப்போன பல்லாலதான இந்தப் புள்ள அழுவுதுன்னு மனசு அடிச்சுக்கிச்சு. இன்னைக்கு அப்படி ஆவாது. பாருங்க."

வெள்ளைக் கோட்டோடு பரீட்சகர் டொக்டர் ராஜரத்தினம் உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர்.

"ஆயத்தமோ, கைரியா? முதல்ல நான் ஓட்டையைப் பார்க்கவேணும். பிறகு நீர் தொடங்கலாம்."

அவர் சொல்லி வாய் மூடுமுன் அங்கம்மா தலைப்பை விலக்கி, 'ஆ'வென்று வாயைத் திறந்தாள். டொக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கம்பியால் தட்டினார். இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகவே தட்டினார். பிறகு மெல்ல நிமிர்ந்து கைரியாவைப் பார்த்தார்.

"ஓட்டை எங்கை, பிள்ளை?"

கைரியா எட்டிப் பார்க்க, அங்கம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"நேத்தே டவுனுக்குப் போயி, கைக்காசு போட்டு அடைச்சுக்கிட்டு வந்துட்டேன், டொக்டரம்மா. தோட்டத்துப் பெரிய தொரை பாக்க வாராருன்னா நாங்க குடியிருக்கிற லயத்துக்கு முந்தியே வெள்ளையடிச்சு வச்சிருவோம்ல? இனி யாரு தட்டினாலும் விழாது, நீங்க பாசுதான்!"