கரண்ட் போகாத நேரம்

ரெனிஷுக்கு வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது.

சோற்றைப் பிசைய முடியவில்லை. எடுத்த உருண்டை விரலிடுக்கில் நழுவி மறுபடி தட்டிலேயே விழுந்தது.

அம்மா செல்லபாய் அதைப் பார்த்துவிட்டாள். தட்டைத் தள்ளிவைத்து, காயத்திருமேனி எண்ணெய்க் குப்பியைத் திறந்து, அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் பிள்ளைக்க கையப் பாரு. அம்புட்டு ரப்பர் மரத்தையும் இந்த ஒத்தக் கைதானே வெட்டுது."

"பைய அம்மா. வலிக்கி."

"வலிக்கத்தான் செய்யும். சும்மா இரி மக்கா."

அவளுடைய பெருவிரலுக்கு அடியில் அவன் விரல்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு தட்டு, ஆள். ஒரு தட்டு, மரம். ஒரு தட்டு, வீடு. காலையில் தோற்ற ஆட்டத்தின் தொடக்கத்தை அவன் மறுபடி ஆடிக்கொண்டிருந்தான். வீட்டை முதலில் கட்டியது தப்பு. இரண்டு ஆளைக் கூடுதலாக மரத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

ஜங்ஷனில் டைட்டஸ் நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஆடும் ஆட்டம் அது. ஊரைக் கட்டி, ஆளை வேலைக்கு அனுப்பி, படை சேர்த்து, எதிராளியின் ஊரை அழிக்க வேண்டும். உன் முறை, என் முறை என்று கிடையாது. நீ கட்டும் அதே நொடியில் அவனும் கட்டுவான். கைவேகம்தான் எல்லாம். ஒருவன் வேலையில்லாமல் நின்றால்கூட திரையின் மூலையில் ஒரு குறி மின்னும்.

மரம் வெட்ட ஆளைத் தட்டி அனுப்பினால் போதும். போய் வெட்டுவான். கை வலிக்கிறது என்று சொல்லமாட்டான்.

சனிக்கிழமை நாகர்கோவிலில் போட்டி. ஜெயித்தால் சென்னைக்குக் கூட்டிப்போவார்கள். இந்த ரப்பர் மலையை விட்டு இறங்க ரெனிஷுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

பழகத்தான் நேரம் இல்லை. அது 2012. பகலெல்லாம் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. படை கிளம்பும் நேரம் பார்த்துத் திரை அணையும். நாகர்கோவில் பையன்களுக்கு வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. இங்கே விடியலுக்கு முந்திய நேரத்தில் மட்டும்தான் கரண்ட் போகாது.

பட்டையை வெட்டிவிட்டால் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவதும் அந்த நேரத்தில்தான். வெயில் ஏறினால் நின்றுவிடும்.

அப்பா ராஜையன் தோட்டத்திலிருந்து வந்தார். கண் இரண்டிலும் புரை விழுந்த பிறகு அவர் கத்தி எடுப்பதில்லை. மத்தியானம் போய், வெட்டுப்பட்ட இடத்தை மரம் மரமாகப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு வருவார். போன வருடம் வரை, திரும்பி வந்ததும் மகனைக் கெட்ட வார்த்தையில்தான் கூப்பிடுவார். ரெனிஷின் கத்தி ஆழமாய் இறங்கும். பட்டை புண்ணாகி மரம் முண்டு முண்டாய் நிற்கும்.

இன்று சிரித்துக்கொண்டு வந்தார்.

"லேய், கொள்ளாம். ஒரு மரத்திலயும் காயமில்ல. தடவினா வழுக்கிட்டுப் போவுது. இந்த வருசந்தான் உனக்குக் கை வந்திருக்கு."

ரெனிஷ் தட்டைப் பார்த்தான்.

"முதலாளிகிட்டயும் சொல்லியாச்சு. மேல்தோட்டத்துப் புதுமரத்துக்கு சனிக்கிழம விடியக்காலம் முதல் வெட்டு. மார்த்தாண்டத்திலேருந்து அவரே வாறாரு. பாஸ்டர் ஜெபம் பண்ணினதும் நீதான் கத்திய வைக்கணும். முதலாளி பக்கத்தில நின்னு பாப்பாரு."

"சனிக்கிழமையா?"

"ஏன், அன்னைக்கு உனக்குக் கல்யாணமா?"

கையை உருவப் பார்த்தான். அம்மா விடவில்லை. எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. போட்டிக்குப் போகிறேன் என்று சொல்லலாம். எப்போது பழகினாய் என்று கேட்பார்கள்.

அடுப்படியில் தங்கை அபினா மரச்சீனிக் கிழங்கு வெந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். வெட்டின கீறலில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துச் சாக்கில் போடுவது அவள் வேலை. அதற்காக விடியலில் அண்ணனோடு கிளம்புவாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, சனிக்கிழம ஒட்டுப்பால் பொறுக்க நீ வராண்டாம். முதல் வெட்டு நடக்கிற எடத்தில பெண்ணு கால் வைக்கப்பிடாது."

அபினா பாத்திரத்தை இடது கையால் அணைத்து இறக்கிவைத்தாள். வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையை நீட்டினாள்.

"எனக்கும் இத்திரி தேச்சு விடும்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"ஒட்டுப்பால் பொறுக்கினதுக்கா ஏட்டி எண்ணெ? குப்பியில இருக்கதே கொஞ்சம். வெட்டுறவனுக்கு வேணும்."

அபினா கையை மூடிக்கொண்டாள். மூடுவதற்கு முன் ரெனிஷ் பார்த்துவிட்டான். கத்திப்பிடி அழுந்தி அழுந்தி உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

தினமும் இருட்டில் இரண்டு பேரும் சேர்ந்துதான் இறங்குவார்கள். சர்ச் திருப்பம் வந்ததும் அவன் தலைவிளக்கைக் கழற்றி அவள் நெற்றியில் மாட்டுவான். கத்தியைக் கையில் கொடுப்பான். அவள் மரத்துக்குப் போவாள். அவன், டைட்டஸ் பாதி தூக்கி வைத்திருக்கும் ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைவான்.

காலை டைப்பிங் கிளாசை அவள் அதற்காகத்தான் நிறுத்தினாள். போட்டி முடியட்டும், எல்லா விடியலையும் திருப்பித் தாறேன் என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

அம்மா அவன் விரல்களை ஒவ்வொன்றாய்ச் சொடுக்கெடுத்தாள்.

சனிக்கிழமை கழிந்த பிறகும், அந்த விடியல்களில் ஒன்றைக்கூட அவன் அபினாவுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.